வெளுத்த பாசியும் ஒரு தொலைபேசி அழைப்பும்

அக்கா,

செவ்வாய்க்கிழமை காலை, மெல்பேர்ன் ஓரத்து ட்ருகனினாவில் எங்கள் கிடங்குக்கு ஒரு சாக்கு வந்து இறங்கியது. தையலைக் கத்தரித்ததும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. உப்பும் அயோடினும், மழையில் நனைந்த கோணிப்பையின் வாடையும் கலந்த ஒன்று. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளிப் போனார். நான் மட்டும் முகத்தைச் சாக்குக்குள் விட்டுக்கொண்டு நின்றேன். பண்ணையில் வளர்த்த சிவப்புப் பாசி, கருஞ்சிவப்பாக, கையில் எடுத்தால் நொறுங்கும் பதத்தில் காய்ந்திருந்தது. சாக்கின் மேல் பண்ணைக்காரர் கெவின் தன் கிறுக்கல் எழுத்தில் ‘நிழலில் உலர்த்தியது’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். அந்தக் கோடுகளுக்கு நீங்களும் நானும்தான் காரணம் என்பது இங்கே யாருக்கும் தெரியாது.

அதைப் பார்த்ததிலிருந்து உங்களோடு பேச வேண்டும் போலிருக்கிறது. நீங்கள் போய் ஒரு வருடமாகிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணியானால் கை தானாக ஃபோனைத் தேடுகிறது. அதனால் எழுதுகிறேன். உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று உண்டு, அதையும் சொல்லப் போகிறேன். ஆனால் கதையை முதலிலிருந்துதான் சொல்வேன். நீங்கள் சொன்னால் நல்லதில் எல்லாம் என் பெயரையும் கெட்டதில் எல்லாம் உங்கள் பெயரையும் போட்டுவிடுவீர்கள். அந்தக் கணக்கு எனக்கு எப்போதுமே ஒத்துவந்ததில்லை.

சிட்னியில் ஒலிம்பிக் முடிந்த அடுத்த கோடை அது. லிட்கம் ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸில் கால்மணி நேரத்தில் நம் ஆய்வுக்கூடம். நான் மண்டபம் பக்கத்துக்காரி, உயிர்வேதியியல் படித்துவிட்டு இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நீங்கள் யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் வேதியியல் ஆசிரியையாக இருந்தவர். இங்கே நாலு வருடமாகக் கண்ணாடிக் குடுவை கழுவிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் சான்றிதழ்களை ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். உங்களுக்கு வராது. “குடுவை கழுவுறதும் கெமிஸ்ற்றிதான். சவர்க்காரம் என்ன செய்யுது எண்டு சொல்லும் பாப்பம்” என்று என்னை வகுப்பில் எழுப்பி நிறுத்திவிடுவீர்கள். எனக்கும் உங்களுக்கும் ஏழு வயதுதான் வித்தியாசம் என்பதைச் சோப்பு நுரையோடு நிற்கும்போது அடிக்கடி மறந்துவிடுவீர்கள்.

அந்தக் கோடையில் கெவினின் பாசி வந்தது. தென்கரையில் மீன் பண்ணை வைத்திருந்த மனிதர். மீன் தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீரில் சிவப்புப் பாசி வளர்த்துப் பார்த்தார், அது கட்டுக்கடங்காமல் வளர்ந்தது. ஜெல்லி செய்கிறவர்கள் கொஞ்சம் வாங்கினார்கள். மீதியை என்ன செய்வதென்று தெரியவில்லை. எண்ணெயும் உணவும் கெட்டுப்போகாமல் காக்கும் பொருள்கள் சிவப்புப் பாசியில் உண்டு என்று யாரோ சொல்ல, அவற்றைப் பிரித்தெடுக்க முடியுமா என்று கேட்டு நம் தலைவி மார்கரெட்டிடம் வந்தார். முடியாவிட்டால் பாசித் தொட்டிகளை இறைத்து மூடிவிடுவதாகச் சொன்னார்.

மார்கரெட் அந்த வேலையை என்னிடமும் உங்களிடமும் கொடுத்தார். உங்களைத் தனியே அழைத்து இன்னொன்றும் சொன்னார். மார்ச்சில் ஒரு நிரந்தர வேலைக்கு நேர்முகம் இருக்கிறது, வேதியியலாளர் பதவி. பாசி வேலை நல்லபடியாக முடிந்து அறிக்கையில் உங்கள் பெயரும் வந்தால், சான்றிதழை யாரும் கேட்க மாட்டார்கள், அதற்குத் தான் பொறுப்பு என்றார். நீங்கள் அதை என்னிடம் சொன்ன விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கையுறையைக் கழற்றி, மறுபடி போட்டு, மறுபடி கழற்றினீர்கள். அவ்வளவு ஆசை உங்களுக்குள் இருந்தது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இரண்டு குளிர்ப்பெட்டி நிறைய ஈரம் காயாத பாசி வந்து இறங்கிய அன்று உலர்த்தும் அடுப்பு பழுதாகிப் போயிருந்தது. மார்கரெட் இரண்டு வார விடுமுறையில் டாஸ்மேனியாவுக்கு மலை நடைப்பயணம் போயிருந்தார். பாசி ஒரு நாள் தாண்டினால் நாறிவிடும். உங்கள் வீட்டுக் கொல்லையில் காயப் போடலாம் என்ற யோசனை யாருடையது என்பது நமக்குள் கடைசிவரை தீரவில்லை. அது என்னுடையது. எங்கள் கரையில் இதே மாதிரிப் பாசியைக் கஞ்சிப்பாசி என்போம். நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் போட்டு, மறுபடி அலசி மறுபடி போட்டு, பஞ்சு மாதிரி வெள்ளையாக்கினால்தான் வாங்குவார்கள். சிவப்பாக இருந்தால் சுத்தம் செய்யத் தெரியாதவள் என்று பேச்சு வரும். உங்கள் கரையிலும் அப்படித்தான் என்றீர்கள். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த இரண்டு பேர் ஒரே பழக்கத்தில் வளர்ந்திருக்கிறோம் என்று தெரிந்ததில் நமக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தச் சந்தோஷத்தில் மூளையைக் கழற்றி வைத்துவிட்டோம்.

மூன்று நாள். ஜனவரி வெயில். உங்கள் பழைய வெள்ளைச் சேலையைப் புல்லில் விரித்து அதன் மேல் பாசியைப் பரப்பினோம். சாயங்காலம் குழாய்த் தண்ணீரை அடித்து அலசுவோம், காலையில் மறுபடி விரிப்போம். பக்கத்து வீட்டு வியட்நாமியப் பெண்மணி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, சமைக்கவா என்று ஆவலாகக் கேட்டார். ஆராய்ச்சி என்றதும் அவருக்கு முகம் விழுந்துவிட்டது. மூன்றாம் நாள் பாசி வெளுத்து மல்லிகைச் சரம் போல் கிடந்தது. உங்கள் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். அவர் நல்ல வெள்ளை என்று சொல்லிவிட்டு கிரிக்கெட் பார்க்கப் போனார். நாம் இருவரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதன் அழகைப் பார்த்தபடி நின்றோம். இரண்டு வேதியியல்காரிகள்!

அதை என் மிக்ஸியில் பொடித்து, தண்ணீர் கலந்த எத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, எத்தனாலை ஆவியாக்கிச் சாறு எடுத்தோம். வியாழக்கிழமை காலை சோதனை. ஊதா நிறக் கரைசலில் சாற்றை விட வேண்டும். நாம் தேடும் பொருள் அதில் இருந்தால் ஊதா மங்கி மஞ்சளாகும். ஒப்பிட்டுப் பார்க்க விட்டமின் சி விட்ட குழாய் கண் மூடித் திறப்பதற்குள் மஞ்சளாகிவிட்டது. நம் குழாய் ஊதாவாகவே நின்றது. பத்து நிமிடம், அரை மணி, ஒரு மணி. “எங்கட பாசி அசையுதில்லை” என்றீர்கள். இரண்டாம் தரமும் செய்தோம். அதே ஊதா.

அதன்பின் நீங்கள் குடுவை கழுவப் போனீர்கள். நாலு வருடமாகக் கழுவிய அதே தொட்டியில், அதே பிரஷ்ஷால். திங்கட்கிழமை மார்கரெட் வந்துவிடுவார். உலர்த்தியது நாம் என்று தெரிந்தால், அனுமதி இல்லாமல் கொல்லையில் உலர்த்தியது என்று தெரிந்தால், மார்ச் நேர்முகம் போச்சு. உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் அதைச் செய்தேன், அக்கா. இத்தனை வருடம் உங்களிடம் சொல்லாதது இதுதான். தாழ்வாரத்துக்குப் போய்க் கெவினுக்கு ஃபோன் செய்தேன். உங்கள் பாசியில் ஒன்றுமே இல்லை, பண்ணைத் தண்ணீர் சரியில்லை போலிருக்கிறது என்று சொன்னேன். நல்ல ஆங்கிலத்தில், தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு நிபுணரின் குரலில் சொன்னேன். மாதிரி மோசம் என்றால் யார் மேலும் குற்றம் வராது, உங்கள் நேர்முகமும் தப்பிக்கும் என்பது என் திட்டம். கெவின் சரி என்றார், நன்றி என்றார். தலைவலி என்று உங்களிடம் சொல்லிவிட்டு மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை நீங்கள் எனக்கு முன்னால் வந்து காத்துக்கொண்டிருந்தீர்கள். முகம் வேறு மாதிரி இருந்தது. பையிலிருந்து அந்தச் சேலையை எடுத்து மேசை மேல் விரித்தீர்கள். வெள்ளைச் சேலை முழுக்க இளஞ்சிவப்புத் திட்டு.

“இஞ்ச பாரும். பாசியில இருந்ததெல்லாம் சீலையில இருக்கு” என்றீர்கள்.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்தபோது சேலையை இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நாம் தேடிய பொருள்களில் முக்கால்வாசி தண்ணீரில் கரைகிறவை, மீதி வெயிலில் அழிகிறவை. அலசி அலசிப் புல்லுக்கு ஊற்றிவிட்டு, எஞ்சிய சக்கையை மூன்று நாள் வெயிலில் வறுத்து, அதன் வெள்ளையைப் பார்த்துப் பூரித்திருக்கிறோம். ஜெல்லிக்கு அது முதல் தரப் பாசி. நம் வேலைக்கு வெறும் நார். நீங்கள் கத்தரிக்கோலால் சேலையில் சிவப்பு அதிகமான ஒரு துண்டை வெட்டி எத்தனாலில் ஊறவைத்தீர்கள். மத்தியானம் அந்தச் சாற்றை ஊதாக் கரைசலில் விட்டோம். கண்ணெதிரே மெல்ல மெல்ல மஞ்சளாயிற்று. நீங்கள் சிரிக்க ஆரம்பித்தீர்கள். நானும். அடுத்த அறையிலிருந்து ஒருவர் வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார், பாசி தோற்றது, சேலை பாஸ் என்று அவருக்கு விளக்க நம்மால் முடியவில்லை.

ஆனால் கையில் பாசி இல்லை. கெவினிடம் கேட்க எனக்கு வாய் இல்லை. அன்று சாயங்காலம் அவரே ஃபோன் செய்து, நாளைக் காலை இன்னும் இரண்டு பெட்டி கொண்டுவருகிறேன் என்றபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் முந்தின நாள் பேச்சு வருமே. வெள்ளைக்காரர்கள் சுலபத்தில் மனம் தளர மாட்டார்கள் என்று நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன்.

அந்த சனி ஞாயிறை உங்கள் கணவர் ஆயுசுக்கும் மறந்திருக்க மாட்டார். ஒரே ஒரு தரம் வேகமாக அலசியதோடு சரி. வீட்டுத் திரைச்சீலைகளையெல்லாம் இழுத்து மூடி, ஹாலிலும் நடையிலும் வலை விரித்துப் பாசியைப் பரப்பி, அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கியதோடு சேர்த்து ஐந்து மின்விசிறிகளைச் சுழலவிட்டோம். நாற்காலிகளெல்லாம் மேசை மேல் ஏறின. அவர் சமையலறையில் நின்றபடி புட்டுச் சாப்பிட்டார். கிரிக்கெட் பார்க்க வழியில்லாமல் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்திருந்தார். “மூண்டு நாள் வெயில் கிடந்தது, அப்ப வெளியில போட்டியள். இப்ப வீட்டுக்குள்ள காயவிடுறியள். இதுதானோ உங்கட படிப்பு?” என்று அவர் கேட்க, நாம் இருவரும் பாசியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தோம்.

ஞாயிறு சாயங்காலம் பாசி கருஞ்சிவப்பாகக் காய்ந்திருந்தது. திங்கட்கிழமை பொடித்து, வெளிச்சம் படாமல் ஃபாயில் சுற்றிய குடுவையில் ஊறவைத்தோம். எத்தனால் போனபின் அடியில் புளிக்கரைசல் நிறத்தில் ஒரு பசை மிஞ்சியது. ஊதாக் குழாய் இந்தத் தடவை மார்கரெட்டின் கண் முன்னாலேயே மஞ்சளாகியது. அவர் என் தோளைத் தட்டினார். எல்லாம் முடிந்தது, வெள்ளைப் பாசியைப் பற்றி இனி யாரும் பேச வேண்டாம் என்று நான் மூச்சு விட்டேன்.

நீங்கள் விடவில்லை. அறிக்கையின் முதல் அட்டவணையிலேயே எழுதினீர்கள்: முதல் தொகுதி, மூன்று நாள் வெயிலில் உலர்த்தியது, பலன் இல்லை, உலர்த்தியவர் என்று உங்கள் பெயர். உங்கள் பெயர் மட்டும். எனக்கு வந்த கோபத்தில் பேனாவைத் தூக்கி எறிந்தேன். நேர்முகத்துக்கு முன்னால் இப்படி எழுதிக்கொடுத்தால் அந்த வேலை கிடைக்குமா, உங்களுக்குப் புத்தி இருக்கிறதா என்று கத்தினேன். நீங்கள் பேனாவைக் குனிந்து எடுத்து என் கையில் கொடுத்தீர்கள்.

“பிழையையும் எழுதினால்தான் மிச்சம் சரியெண்டு நம்புவினம்” என்றீர்கள்.

என் பெயரையும் சேர்த்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். சேர்த்தீர்கள். உங்களோடு சண்டை போட்டு நான் ஜெயித்தது அது ஒன்றுதான். மார்ச்சில் நேர்முகத்தில் அந்த அட்டவணையைப் பற்றித்தான் முதலில் கேட்டார்களாம். நீங்கள் புல்லில் விரித்த சேலையிலிருந்து மின்விசிறி வரை முழுக் கதையையும் சொல்ல, மூன்று பேரும் சிரித்துவிட்டு அந்த வேலையைக் கொடுத்தார்கள். மறுநாள் எண்பது மீன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்தீர்கள். ஆய்வுக்கூடத்தில் நாம் இருந்ததோ பதினாறு பேர்.

கெவின் தொட்டிகளை மூடவில்லை. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை நம்மைப் பார்க்க வருவார். அவர் கார் சத்தம் கேட்டதும் எனக்குக் குளிரறையில் ஏதாவது அவசர வேலை வந்துவிடும். உங்கள் முன்னால் அவர் வாயைத் திறந்து, ‘அன்று என் தண்ணீர் மோசம் என்றீர்களே’ என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது? நாலு டிகிரியில், குடுவைகளை எண்ணியபடி நிற்பேன். ஒரு தடவை நீங்கள் கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல் என் ஸ்வெட்டரை நீட்டினீர்கள். “தடிமன் பிடிக்கப் போகுது. போட்டுக்கொண்டு நில்லும்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போனீர்கள்.

பிறகு நான் இப்படிச் சாறு பிரித்தெடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து மெல்பேர்னுக்கு வந்துவிட்டேன். ஞாயிறுதோறும் பேசினோம். புதிதாக என்ன பிரித்தெடுக்கிறீர், பசை வருதா பொடி வருதா என்று கேட்பீர்கள். உங்களுக்கு நோய் வந்த பிறகும் அதைத்தான் கேட்டீர்கள். உங்கள் இறுதிச் சடங்குக்குக் கெவின் தென்கரையிலிருந்து வந்திருந்தார், தோளில் நிற்காத ஒரு கறுப்புக் கோட்டோடு. நான் அவர் கண்ணில் படாமல் மறுபக்கமாக வெளியேறினேன். உங்களுக்கு விடை கொடுக்க வந்த இடத்திலும் ஒளிந்தவள் நான். அன்று ரயிலில் உங்களுக்காக அழுதேனா, எனக்காக அழுதேனா தெரியாது.

செவ்வாய்க்கிழமை சாக்கைப் பார்த்தபின் இரண்டு நாள் தூக்கமில்லை. இன்று காலை, வியாழக்கிழமை, அவருக்கு ஃபோன் செய்தேன். தொண்டையைச் செருமவில்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் உங்கள் பாசி நல்ல பாசி, தண்ணீரும் நல்ல தண்ணீர், கெடுத்தது நாங்கள், பொய் சொன்னது நான் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

தெரியும் என்றார் கெவின்.

அன்று மத்தியானம், தண்ணீரில் என்ன குறை என்று கேட்க அவர் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்ப ஃபோன் செய்தாராம். நான் தலைவலியோடு வீட்டில். எடுத்தது நீங்கள். உங்களுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லையாம். பிறகு புரிந்துகொண்டு, பாசியில் குறையில்லை, உலர்த்தியதில்தான் ஏதோ பிழை, உலர்த்தியது நான், தொட்டியை இறைக்க வேண்டாம், சனிக்கிழமை இன்னும் இரண்டு பெட்டி கொண்டுவாருங்கள் என்றீர்களாம். மார்கரெட்டுக்கு இது தெரிந்தால் உங்கள் வேலை என்னாகும் என்று கெவின் கேட்டிருக்கிறார். அது போனால் போகட்டும் என்றீர்களாம். சேலையில் சிவப்பைப் பார்த்ததற்கு முந்தின நாள் அது, அக்கா. பிழை எங்கே என்றுகூட அப்போது உங்களுக்குத் தெரியாது.

பிறகு ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டீர்களாம். அவள் எனக்காகத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறாள், இந்தப் பேச்சை நீங்களாக அவளிடம் எடுக்க வேண்டாம், அவளே ஒரு நாள் கூப்பிட்டுச் சொல்வாள் என்று.

“எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு தடவை வரும்போதும் உங்கள் சிநேகிதியிடம் கேட்பேன். கட்டாயம் கூப்பிடுவாள், பொறுங்கள் என்பார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோதும் அதைத்தான் சொன்னார்” என்றார் கெவின்.

ஃபோனை வைத்துவிட்டுக் கிடங்கு வாசலில் போய் உட்கார்ந்தேன். அழுகை வந்தது, கூடவே உங்கள் மேல் நல்ல கோபமும் வந்தது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் அந்த வாரமே கூப்பிட்டிருப்பேனே. நீங்கள் திட்ட மாட்டீர்கள். நானாகச் செய்ய வேண்டும் என்று, செய்வேன் என்று, என்னைவிட உறுதியாக இருந்தீர்கள். என்னைப் பற்றி நானே அவ்வளவு நல்லதாக ஒருநாளும் நினைத்ததில்லை. இனி நினைத்துத்தான் ஆக வேண்டும், நீங்கள் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்களே.

கூப்பிட்டுவிட்டேன், அக்கா.